வீடியோ காலில் டாக்டர் பார்த்து போதை மாத்திரைப் பழக்கத்துக்கு மருந்து எழுதித் தருவார்களா? (வேலூர்)

காட்பாடிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தம்பி விஷயம். வயது 26. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன் பைபாஸில் பைக் விபத்து, வலது காலில் ராடு வைத்தார்கள். வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் நிற்கவில்லை. முதலில் டிரமடால், இப்போது டபென்டடால். நாளைக்கு ஒரு அட்டை, சில நாள் அதற்கும் மேல். சீட்டு இல்லாமல் எங்கிருந்தோ வருகிறது, கேட்டால் வாயைத் திறப்பதில்லை. ஊசி போடவில்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்கிறான். கையைத் திருப்பிப் பார்த்தேன், தழும்பு இல்லை. இப்போதைக்கு நம்புகிறேன்.

போன வருடம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் 45 நாள் வைத்தோம். பெயர் வேண்டாம். 45 நாளில் டாக்டரை இரண்டு முறைதான் பார்த்தானாம். முதல் வாரம் முழுக்கத் தரையில் சுருண்டு கிடந்திருக்கிறான், மருந்து எதுவும் தரவில்லை. வெளியே வந்த ஒன்பதாவது நாள் பழையபடி ஆரம்பித்துவிட்டான்.

நியூஜெர்சியில் பெரியம்மா மகன் இருக்கிறார். அங்கே வீடியோ காலில் டாக்டர் பார்த்து, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எழுதித் தருவார், பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம், எல்லாம் சட்டப்படி என்கிறார். இங்கே அப்படி உண்டா? தம்பி எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மறுக்கிறான். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களாம். (வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்த முகம் பார்க்காமல் திரும்பி வர முடியாது, அதையும் மறுக்க முடியவில்லை.) போலீஸ் பயம் வேறு. அப்பா இல்லை. அம்மாவுக்கு இன்னும் 'கால் வலி மாத்திரை' என்றுதான் தெரியும்.

மருந்தாளுநர்_ராணிப்பேட்டை

தம்பி, நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கிற மருந்தின் பெயர் புப்ரினார்பின். பெரும்பாலும் நலாக்சோன் சேர்த்து வரும், 2 மில்லிகிராமுக்கு 0.5 என்ற கணக்கில். நம் நாட்டில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிற மருந்து. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வீடியோவில் என்ன எழுதலாம், போனில் என்ன எழுதலாம் என்று பட்டியல் போட்டு, கடைசியில் எழுதவே கூடாத பட்டியல் ஒன்று வைத்தார்கள். அந்தச் சட்டத்தில் இருக்கிற எல்லா மருந்தும் அதில் அடக்கம். அப்புறம், மீறி எழுதினால் அந்த டாக்டர் மேல் தொழில் ஒழுக்க நடவடிக்கை பாயும்.

எனவே அமெரிக்காவில் நடப்பது இங்கே நடக்காது. யாராவது வாட்ஸ்அப்பில் 'வீடியோ கன்சல்டேஷன், மாத்திரை கூரியரில்' என்று வந்தால், அவர் டாக்டரே ஆனாலும் தப்பு.

டிரமடாலை 2018 ஏப்ரலில் அதே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு அடுத்த மாதத்திலிருந்தே என் கடையில் டபென்டடால் கேட்டு வருகிற பையன்கள் கூடினார்கள். ஒரு கதவை அடைத்தால் பக்கத்துக் கதவு. சீட்டு இல்லை என்றால் இல்லை என்று அனுப்பிவிடுவேன், எல்லாக் கடையிலும் அப்படி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

எடிசன்_அக்கா

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது வாலாஜாபேட்டை. இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை. உங்கள் பெரியம்மா மகன் சொன்னது சரிதான், ஆனால் அவர் சொன்ன மாதிரி அவ்வளவு லேசாக வந்ததில்லை.

2008இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. இணையத்தில் வலி மாத்திரை வாங்கி 2001இல் இறந்துபோன 18 வயதுப் பையனின் பெயரிலேயே அந்தச் சட்டம் இருக்கிறது, ரயன் ஹைட். கட்டுப்பாட்டு மருந்தை எழுதுமுன் நோயாளியை ஒரு முறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2020 மார்ச்சில் கோவிட் வந்ததும் அதைத் தளர்த்தினார்கள். வீடியோ மட்டுமில்லை, வெறும் போனில் பேசியே புப்ரினார்பின் ஆரம்பிக்கலாம் என்றானது. அந்தத் தளர்வைப் பிறகு திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். இன்னொரு தடையும் இருந்தது: இந்த மருந்தை எழுத டாக்டர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும். 2022 டிசம்பர் கடைசியில் அதையும் எடுத்துவிட்டார்கள். மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2002இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 வருடம்.

வீடியோவில் என்ன நடக்கும் என்றால், முதலில் அடையாள அட்டை. மாநிலப் பதிவேட்டில் வேறு எந்த டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பார்கள். கடைசியாக எப்போது எடுத்தாய், இப்போது கொட்டாவி வருகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, மயிர்க்கூச்சம் இருக்கிறதா, குடிப்பாயா, தூக்க மாத்திரை உண்டா என்று அரை மணி நேரம் கேள்வி. சிறுநீர் சோதனைக்கு எங்களிடமே குப்பியை அனுப்பச் சொல்வார்கள். முதலில் சில நாளுக்குத்தான் மருந்து தருவார்கள், பேச்சு நின்றால் மருந்தும் நிற்கும். 200 மைல் சுற்றளவில் டாக்டர் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது உயிர் காத்தது, கண்ணால் பார்த்தேன். வேலூருக்கு அந்தச் சிக்கல் இல்லையே தம்பி. தெருவுக்கு ஒரு டாக்டர் இருக்கிற ஊர் அது!

பாலாறு_வறண்டது

குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன். எனக்குப் புரியாதது ஒன்று. போதை மாத்திரையை விட அரசாங்கம் இன்னொரு போதை மாத்திரை தருமா? அதையும் வருடக்கணக்கில்? மன உறுதி என்று ஒன்று கிடையாதா? என் மாமா ஒரே நாளில் பீடியை விட்டார்.

வார்டு_டியூட்டி

பீடியும் இதுவும் ஒன்றில்லை சார். மனநலப் பிரிவில் முதுநிலைப் படிப்பில் இருக்கிறேன், தெரிந்தவரை எழுதுகிறேன். (இது பொதுத் தகவல்தான், யாருக்கும் சிகிச்சை இல்லை.)

மூளையில் ஓபியாய்டு (அபின் வகை மருந்து) உட்கார ஒரு இடம் இருக்கிறது. டபென்டடாலோ ஹெராயினோ அங்கே உட்கார்ந்தால் உச்சிக்குத் தூக்கும், நாலைந்து மணி நேரத்தில் கீழே தள்ளும். தள்ளுகிற ஒவ்வொரு முறையும் உடம்பு முறியும், வயிறு கலங்கும், தூக்கம் போகும். அடுத்த மாத்திரை போதைக்காக இல்லை, இதிலிருந்து தப்பிக்கத்தான். புப்ரினார்பின் அதே இடத்தில் போய்க் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் பாதிதான் தூண்டும். அளவைக் கூட்டினாலும் ஒரு எல்லைக்கு மேல் ஏறாது, மூச்சை அடக்குவதும் அந்த எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு நாளுக்கு மேல் தாங்கும். அதனால் ஏற்ற இறக்கம் இல்லை. வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், தூங்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் பார்த்து 'மன உறுதி இல்லையா' என்று நாம் கேட்பதில்லையே. உலகச் சுகாதார நிறுவனம் 2005லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மறுவாழ்வு இல்லம் பற்றிக் காட்பாடி அண்ணன் எழுதியது பயமாக இருக்கிறது. அவன் பட்ட வேதனை ஒரு பக்கம். இன்னொன்று: 45 நாள் நிறுத்தினால் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நிற்கலாம். இந்தப் பழக்கத்தில் சாவு நிறைய நேர்வது இப்படித்தான், விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கிற நாட்களில். உங்கள் தம்பி தப்பித்தது அதிர்ஷ்டம். இனி 'உடம்பைச் சுத்தம் செய்கிறோம்' என்று மட்டும் சொல்லி யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.

போலீஸ் விஷயம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கோ சிறிய அளவுக்கோ வழக்கில் மாட்டியவர், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக வந்து சிகிச்சையை முடித்தால் அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது. 2017ஆம் வருட மனநலச் சட்டத்தில் போதைப் பழக்கமும் அடக்கம், நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது எங்கள் கடமை. ஓ.பி. சீட்டு எழுதிய கையோடு ஸ்டேஷனுக்குப் போன் போடுவோம் என்று நினைக்காதீர்கள்.

காட்பாடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வாட்ஸ்அப் பற்றி மருந்தாளுநர் அண்ணன் எழுதியதும் எனக்கு வியர்த்துவிட்டது. போன வாரம் ஒரு நம்பருக்கு 3,500 ரூபாய் அனுப்பிவிட்டேன். 'டெல்லி டாக்டர்' என்றார்கள். வீடியோ என்றார்கள், வந்தது ஆடியோ, நாலு நிமிஷம், இந்தி. மாத்திரை வரவில்லை. இப்போது நம்பர் உபயோகத்தில் இல்லை. வெட்கமாக இருந்தது, அதனால்தான் முதலில் எழுதவில்லை.

சத்துவாச்சாரி_77

3,500 போனது போகட்டும். வந்திருந்தால் அதைவிட மோசம்.

குடியாத்தம்_பழையவன்

சத்துவாச்சாரி சொன்னதை நான் விளக்குகிறேன், ஏனென்றால் எனக்கு 'வந்தது'.

இதை எழுதவே கூடாது என்று இருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சென்னையில் வேலை, ரூமில் நாலு பேர், அதில் இரண்டு பேர் பவுடர் (ஹெராயின்). முதலில் சிகரெட் அட்டைத் தாளில் இழுத்தேன், பிறகு ஊசி. ஊர் திரும்பியபோது பவுடர் கிடைக்கவில்லை, மாத்திரை கிடைத்தது, அதைக் கரைத்து ஏற்றினேன். ஒரே ஊசியை மூன்று பேர் பங்கு போட்டோம். மஞ்சள் காமாலை சி வகை அப்போது வந்ததுதான். நல்லவேளை எச்.ஐ.வி. இல்லை.

விட வேண்டும் என்று வைராக்கியம் வந்த ஒரு நாள், ஒரு கூட்டாளி நாக்கடி மாத்திரை இரண்டு கொடுத்தான். 'இது போட்டால் உடனே சரியாகிவிடும்' என்றான். ஊசி போட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. போட்டேன். அரை மணி நேரத்தில் உடம்பை யாரோ உள்ளிருந்து உரிக்கிற மாதிரி. வாந்தி, பேதி, வேட்டியோடு. எலும்புக்குள் மிளகாய்த்தூள். செத்துவிடுவேன் என்று நினைத்தேன், செத்தால் தேவலை என்றும் நினைத்தேன். பிறகு சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் ஒரு நர்ஸ் அக்கா விளக்கினார்: பழைய மருந்து உட்கார்ந்திருக்கும்போதே புதியது போய் அதைப் பிடித்துத் தள்ளி உட்காரும், ஆனால் பாதிதான் வேலை செய்யும், அதனால் திடீரென்று பள்ளத்தில் விழுந்த மாதிரி ஆகும். காத்திருந்து, உடம்பு முறிவு நன்றாக ஆரம்பித்த பிறகுதான் முதல் மாத்திரை. எவ்வளவு நேரம் என்பது எடுத்த சரக்கைப் பொறுத்தது, 12 மணியோ 24ஓ, சிலதற்கு அதற்கும் மேல். அதைச் சொல்ல ஆள் வேண்டும். தம்பியை வீட்டில் வைத்து நீங்களே பார்க்கப் போகாதீர்கள், தயவுசெய்து.

பிறகு எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் ஊசி போடுகிறவர்களுக்காக நடத்துகிற மையத்துக்குப் போனேன். தினமும் காலை. நர்ஸ் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் கொட்டுவார். கரையும்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார வேண்டும், பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. விழுங்கினால் வயிற்றுக்குப் போய் வீண். பத்துப் பேர் வாயை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம், பார்க்கிறவர்களுக்கு மௌன விரதம் மாதிரி இருக்கும். பிறகு வாய் கொப்பளிப்பேன், பல் தேய்க்க ஒரு மணி நேரம் கழித்துத்தான். பல் கெடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, இரண்டு கடைவாய்ப் பல் போன பிறகு தெரிந்துகொண்டேன்.

முதல் மூன்று நாள் சரியில்லை, அளவு போதவில்லை. கூட்டினார்கள். ஐந்தாம் நாள் இரவு ஏழு மணி நேரம் தூங்கினேன். காலையில் எழுந்து கடிகாரத்தை நம்பாமல் வெளியே போய் வெயிலைப் பார்த்தேன். மலச்சிக்கல் உண்டு, வியர்வை உண்டு. போதை? ஒன்றும் இல்லை. வாத்தியார் ஐயா, அதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஆறு வருடம் போட்டேன். தறி ஓட்டினேன், கல்யாணம் ஆனது. பிறகு டாக்டர் ஒன்றரை வருடம் எடுத்து மெதுவாகக் குறைத்தார். நடுவில் ஒரு முறை நானே அவசரப்பட்டு நிறுத்தி, ஒரு மாதத்தில் வழுக்கி, மறுபடி அவரிடமே போய் நின்றேன். திட்டவில்லை. 'சரி, பழைய அளவுக்குப் போவோம்' என்றார், அவ்வளவுதான்.

பாலாறு_வறண்டது

படித்தேன். மாமாவின் பீடியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் ஆறு வருடம் என்பது எனக்கு இன்னும் நெருடுகிறது, அதை மறைக்கவில்லை.

மருந்தாளுநர்_ராணிப்பேட்டை

நெருடட்டும் ஐயா, எனக்கும் ஆரம்பத்தில் நெருடியது. ஆனால் ஆறு வருடம் டபென்டடால் வாங்க வந்த ஒருவனும் இருந்தான். இப்போது வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று அவன் அண்ணன் சொன்னார்.

வார்டு_டியூட்டி

அப்போ போன் எதற்குமே உதவாதா என்றால், உதவும். முதல் மருந்துக்கு நேரில் வந்துதான் ஆக வேண்டும். பிறகு கவுன்சலிங், குடும்பத்தோடு பேசுவது, தூக்கம் இல்லை, வலி இருக்கிறது என்று கேட்பது, இதையெல்லாம் வீடியோவிலோ போனிலோ வைத்துக்கொள்ளலாம். தம்பி வர மறுக்கிறான் என்பதற்கும் போனே முதல் படி. 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண். எந்த அரசு மருத்துவமனையில் மருந்தோடு சிகிச்சை இருக்கிறது என்று அங்கே கேளுங்கள். டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். அவனையே பேசச் சொல்லுங்கள், பெயர் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

முகம் தெரிந்துவிடும் என்ற பயத்துக்கு: மனநல ஓ.பி.யில் தூக்கமின்மைக்கும் தலைவலிக்கும் வருகிறவர்களும் நிறையப் பேர். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. அதுவும் கூச்சம் என்றால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள். வேலூர் மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்ததில் இந்த ஒரு வசதி.

ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அவன் குடிக்கிறானா, அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரை போடுகிறானா. இவற்றோடு சேர்ந்தால் புப்ரினார்பினும் மூச்சை அடக்கும். டாக்டரிடம் மறைக்கக் கூடாத முதல் விஷயம் அதுதான்.

எடிசன்_அக்கா

வேலூரைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1950களிலேயே தொடங்கியது. நோயாளியோடு வீட்டில் ஒருவரும் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே வழக்கம். இங்கே வகுப்பில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது பற்றிப் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரிப் பாடம் நடத்துகிறார்கள். நான் கடைசி பெஞ்சில் சிரித்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி.

காட்பாடிக்காரன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கும் சேர்த்து.

14416க்கு அவனே ராத்திரி ஒரு மணிக்குப் பேசியிருக்கிறான், மொட்டை மாடியில். காலையில் 'போகலாம்' என்றான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, அவன் கேட்டுக்கொண்டான். முந்தின நாள் மதியத்திலிருந்து மாத்திரை போடாமல் வரச் சொன்னார்கள். ஆட்டோவில் அவன் நடுங்கியதைப் பார்த்து ஆட்டோக்காரர் குளிர் காய்ச்சல் என்று நினைத்து ஓரமாக நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். ஓ.பி.யில் இரண்டரை மணி நேரம் காத்திருப்பு. நாடி பார்த்தார்கள், கண்ணின் பாப்பா பார்த்தார்கள், கையை நீட்டச் சொன்னார்கள், கொட்டாவியைக்கூட எண்ணினார்கள். உடம்பு முறிவு எவ்வளவு என்று பார்க்க, பதினொரு விஷயத்துக்கு மதிப்பெண் போடுகிற அட்டை ஒன்று இருக்கிறது. மதிப்பெண் போதாது, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பாஸாக மதிப்பெண் போதவில்லை என்று அவன் கேட்பது இது முதல் தடவை இல்லை, அந்த நிலையிலும் அவனே சொல்லிச் சிரித்தான்.

பிறகு முதல் மாத்திரை, நாக்குக்கு அடியில். ஒரு மணி நேரம் கழித்து முகத்தில் ரத்த ஓட்டம் வந்தது. மாலை இன்னொன்று.

கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றதால் அம்மாவிடம் முந்தின இரவே சொல்லியிருந்தேன். அழவில்லை. டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், 'சோறு சாப்பிடலாமா?' குடியாத்தம் அண்ணன் எழுதியதைச் சொல்லி, கரைந்து முடிந்த பிறகு சாப்பிடலாம் என்று நானே விளக்கினேன்.

இப்போது வாரத்துக்கு ஒரு தடவை போகிறோம். முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாள் வழுக்கினான், இரண்டு டபென்டடால். சிறுநீர் சோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டான். மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று நான்தான் பயந்தேன், அளவைக் கூட்டினார்கள். கவுன்சலர் செவ்வாய்க்கிழமை போனில் பேசுகிறார், அது மட்டும் வீட்டிலிருந்தே. 'எடிசன் அக்கா சொன்ன மாதிரி பாதி அமெரிக்கா' என்கிறான்.

இப்போது ஒரு சந்தேகம். கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள், காலை ஷிஃப்ட். ஓ.பி. நேரமும் அதே. சீட்டை வைத்து வெளியில் கடையில் வாங்கிக்கொள்ள முடியுமா?

மருந்தாளுநர்_ராணிப்பேட்டை

சந்தோஷம் தம்பி. கடை விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். சாதாரணக் கடைகள் பெரும்பாலும் இதை வைப்பதே இல்லை. இது எச்1 பட்டியல் மருந்து, எழுதியவர், வாங்கியவர், எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைக்க வேண்டும். எதற்கு வம்பு என்று ஒதுங்கிவிடுவார்கள். சிகிச்சை நடக்கிற இடத்திலேயே வாங்குவதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு. அப்புறம், வீட்டில் குழந்தைகள் வந்துபோனால் பூட்டி வையுங்கள். பெரியவருக்கு மருந்தாக இருப்பது சின்னப் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று போதும், ஆபத்து.

காட்பாடிக்காரன்

அம்மா அதைப் பீரோவில், நகை வைக்கிற அறையில் பூட்டி வைத்திருக்கிறார். சாவி இடுப்பில்.

வார்டு_டியூட்டி

நிலைமை சீராக இருந்தால் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துத் தருவது உண்டு, அவர்கள் முடிவுதான். சனிக்கிழமை ஓ.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். ஷிஃப்ட் விஷயத்தை அவனே டாக்டரிடம் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

காட்பாடிக்காரன்

சரி டாக்டர். இந்த வியாழன் அவன் தனியாகவே போகிறேன் என்கிறான். பஸ் காசு மட்டும் கொடுத்தேன்.